கீழடுக்கு மெழுகுவர்த்திகள்

சூரியநெல்லி
9 பிப்ரவரி 2025

ராமாத்தாள் டிரேடிங், பெருமாட்டி
உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் லாந்தர் பெட்டியின் பின்பக்கம், "குறை இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும், ஃபோனில் ஏற்கப்படாது" என்று போட்டிருக்கிறது. அந்த வரியை அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். அதனால் எழுத்தில் தெரிவிக்கிறேன். நீங்கள் உங்கள் மகளின் நம்பரை ஃபோனில் அடைத்து வைத்துப் பதினாலு மாதம் ஆகிறது. வாடிக்கையாளர் கடிதத்தை நீங்கள் பிரிக்காமல் போட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

குறை இதுதான். மூணாறு கடையில் வாங்கிய ஒன்பது மெழுகு லாந்தர்களில் மூன்றின் கண்ணாடி மேலே ஏற மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் ஜோமோன் கத்தியால் நெம்பப் போனார், நான்தான் தடுத்தேன்.

நாங்கள் தேயிலைக் காட்டுக்கு மேலே ஒன்பது கூடாரம் போட்டிருக்கிறோம். சனி ஞாயிறு ஆள் வருகிறது. யானை ஒரு கம்பத்தைச் சாய்த்தால் இரண்டு நாளைக்குக் கரண்ட் இல்லை. உங்கள் லாந்தர்தான் வாசலில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நம் வீட்டுப் பின்கட்டில் நீங்கள் முதல் லாந்தரைக் கொளுத்தி, "ஒம்பது மணி நேரம் நிக்குதா பாரு அம்மிணி" என்று என்னை உட்கார வைத்தது நினைவு வருகிறது.

கடையில் வாங்காமல் உங்களிடமே நேராக வாங்கலாமா?

மௌனிகா


பெருமாட்டி
17 பிப்ரவரி 2025

சூரியநெல்லி கூடாரத் தங்கல் நடத்துவோருக்கு,

தங்கள் 9-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

வழிந்த மெழுகு உறைந்தால் கண்ணாடி பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றிவைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தள்ளவும். திரியைக் கால் அங்குலத்துக்கு மேல் விட வேண்டாம். லாந்தரைக் கூடாரத்துக்கு வெளியே தொங்கவிடவும். மூடிய கூடாரத்துக்குள் எரியவிடுவதும், எரியவிட்டுத் தூங்குவதும் கூடாது. துணிக்கும் லாந்தருக்கும் நடுவே இரண்டு முழமாவது இடைவெளி வேண்டும்.

நேரடிச் சரக்கு உண்டு. உடுமலை வழி மூணாறு போகும் பஸ்ஸில் பார்சல் வரும்.

கடிதத்தில் மற்ற விஷயங்களும் இருந்தன. அவை சரக்கு சம்பந்தப்பட்டவை அல்ல. அவற்றுக்குப் பதில் சொல்ல இந்தக் கடையில் ஆள் இல்லை. தாங்கள் உட்கார்ந்திருந்த பின்கட்டு அறை இப்போது பேக்கிங் ரூம். வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

ராமாத்தாள்


சூரியநெல்லி
24 மார்ச் 2025

அம்மா,

வெந்நீர்த் துணியில் மூன்றும் இளகிவிட்டன. நன்றி.

மழைக்கு முன்னால் மெழுகுவர்த்தி சேர்த்து வைக்க வேண்டும். மழை பிடித்தால் இங்கே நாலு நாள்கூடக் கரண்ட் வராது. ஒன்பது மணி நேர வர்த்தி, நாற்பத்தெட்டு அடங்கிய பெட்டி ஒன்று இப்போது, இன்னொன்று மே மாதம்.

சரக்கு இல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. இதற்குப் பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். எனக்கு நாலாம் மாதம் நடக்கிறது. ஜூன் கடைசியில் ஏழாம் மாதம். வளைகாப்பை இங்கேயே செய்யலாம் என்கிறார்கள். செபமாலையம்மாள், அதாவது ஜோமோனின் அம்மா, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏ தாயி, மொத வளையல் பெத்தவதாம்ல போடணும். ஒங்கம்மா வருவாகளா? அவக கறி திம்பாகளா மாட்டாகளா, அத மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். கறி தின்னமாட்டார், ஆனால் தின்கிறவர்களை முறைப்பார் என்றேன். சிரித்துவிட்டு, "மொறச்சா மொறைக்கட்டும், வந்தா போதும்" என்றார்.

நீங்கள் வரவேண்டும் அம்மா. நான் கேட்பது அது ஒன்றுதான். சமாதானம்கூட வேண்டாம். வந்து, வளையல் போட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள்.

மௌனிகா


பெருமாட்டி
2 ஏப்ரல் 2025

கூடாரத் தங்கல் நடத்துவோருக்கு,

ஒரு பெட்டி, நாற்பத்தெட்டு வர்த்தி, இன்று ஏற்றியாயிற்று. வெயில் படாத இடத்தில் வைக்கவும். அடுத்த பெட்டி மே 12 வாக்கில்.

மற்றொரு தகவலும் எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

ராமாத்தாள்


சூரியநெல்லி
20 ஏப்ரல் 2025

அம்மா, அம்மா,

"படித்தேன்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்களே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டி வந்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டு, கீழிருந்து திறந்தேன். நீங்கள் தக்காளிப் பெட்டி கட்டிய காலத்திலிருந்து உங்கள் கைவேலை எனக்குத் தெரியும். மேலடுக்கில் பொறுக்கி எடுத்தது, கீழடுக்கில் இரண்டாம் தரம். மெழுகுவர்த்திக்கு மாறிய பிறகும் அதே கட்டுதான். நானே எத்தனை பெட்டி கட்டியிருக்கிறேன்! "மேல இருக்கறதப் பாத்துத்தான் வாங்குவாங்க, கீழ இருக்கறதப் பாக்கறப்ப நாம ஊட்டுல இருப்போம்" என்று நீங்கள் சொல்லித் தந்தது.

அதனால் கீழடுக்கில் விரலைவிட்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். கெட்டி மெழுகு. எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். நாற்பத்தெட்டும் முதல் தரம். மேலும் கீழும் ஒன்றுபோல.

இருபத்தெட்டு வருஷத்தில் யாருக்கும் இப்படி ஒரு பெட்டி போயிருக்காது. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஜோமோன் ஓடிவந்து பயந்துபோய், "என்னாச்சு, ஒடஞ்சிருச்சா?" என்றார். விவரம் சொன்னேன். செபமாலையம்மாள் அக்கம்பக்கத்துத் தோட்டக் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளுக்கெல்லாம் போய், "சம்பந்தியம்மா மனசு எளகிட்டாக" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வாயால் சொல்லாவிட்டால் போகிறது. பெட்டி சொல்லிவிட்டது.

மௌனிகா


பெருமாட்டி
29 ஏப்ரல் 2025

மௌனிகா,

பெட்டியைக் கவிழ்த்துத் திறந்தாயாமே.

உங்கப்பன் போனபோது உனக்கு இரண்டு வயது. இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு சந்தையில் நின்றேன். பொம்பளைதானே என்று எடையில் ஏமாற்றியவன், விலையில் ஏமாற்றியவன், கையைப் பிடித்தவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. அவர்களில் ஒருத்தன்கூட என் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. நான் பெற்றது கவிழ்த்தது. நகத்தால் கீறியும் பார்த்தது.

நான் கட்டுகிற விதத்தை அந்த வீட்டில் எல்லாரும் இப்போது தெரிந்துகொண்டிருப்பார்கள். நல்லது. லாந்தர் சரக்கு ஏற்ற வந்த ஜீப் டிரைவரோடு நீ போன அன்று பெருமாட்டி முழுக்கச் சிரித்தது. இப்போது சூரியநெல்லி லயம் முழுக்கச் சிரிக்கட்டும்.

அன்றைக்கு நல்ல சரக்கு கையிருப்பு அதிகம். அதனால் போயிற்று. அதை எடுத்து என் மனசு என்று நாலு பேருக்குக் காட்டி அழுதிருக்கிறாய். என் மனசை அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்புகிற வழக்கம் எனக்கில்லை.

மே மாதப் பெட்டி, எல்லாக் கடைக்கும் போவதுபோலத்தான் வரும். இந்தத் தடவையும் கவிழ்த்துப் பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொள்.

ராமாத்தாள்


சூரியநெல்லி
18 மே 2025

அம்மா,

இரண்டாம் பெட்டி வந்துவிட்டது.

உங்களைச் சோதித்தது தப்பு. அதை மகிழ்ச்சியாக எழுதியது இன்னும் தப்பு. மற்றவர்கள் முன்னால் உங்களை இறக்கிவிட்டேன் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எல்லாக் கடைக்கும் போவதுபோல" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இந்தப் பெட்டியை நான் கவிழ்க்கவில்லை. கோபத்தில் எழுதுவீர்கள், கட்டும்போது மனசு வராது. மேலிருந்து திறந்து, மேலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே மாட்டேன். ஜோமோன் ஒன்றை எரியவிட்டுப் பார்க்கலாமா என்றார். "எங்கம்மாவை இனிமேல் யாரும் சோதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவரும், "சரி, பெத்தவுகள நம்பாம யார நம்புறது" என்று போய்விட்டார்.

வளைகாப்பு ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் தங்கும் வீட்டிலிருந்து கூடாரங்களுக்கு இறங்க மண்ணில் வெட்டிய படிகள் இருபத்திரண்டு. உங்கள் முழங்காலுக்காக ஜோமோன் ஓரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். குழந்தை நேற்று முதல்தடவை உதைத்ததுபோல இருந்தது.

ஒரு வரி எழுதுங்கள். வருகிறேன் என்றோ, வரமாட்டேன் என்றோ.

மௌனிகா


பெருமாட்டி
20 ஜூன் 2025

மௌனி கண்ணுக்கு,

வருகிறேன். 28-ஆம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன்.

நம் பேக்கிங்கில் இருக்கும் பெரியம்மாள் ஒரு மாதமாக என் காதைத் தின்றுவிட்டாள். "ஏனுங்க்கா, பச்ச வளையல் நாலு கொண்டுபோய்ப் போட்டா உங்க கை தேஞ்சா போயிரும்? பொறக்கப் போறது வந்து ஆத்தா ஊடு எதுன்னு கேட்டா அந்தப் புள்ள என்னங்க சொல்லும்?" என்றாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். அன்று சாயங்காலமே கொழிஞ்சாம்பாறை போய் வளையல் வாங்கிவிட்டேன். உன் கை அளவு மாறியிருக்குமே என்று இரண்டு அளவில் வாங்கியிருக்கிறேன். ஒரு பட்டுப் புடவையும் இருக்கிறது. அந்தப் பெரியம்மாளும் கூட வருகிறாளாம்.

உன் மாமியாரிடம் சொல். கறி ஆக்கட்டும், நான் முறைக்க மாட்டேன்.

ஒரு விஷயம். மே மாதப் பெட்டியில் கீழடுக்கு வர்த்திகளை எரிக்க வேண்டாம். எடுத்துத் தனியே வைத்துவிடு. சரக்கு மாறிப்போய்விட்டது. வரும்போது வேறு பெட்டி கொண்டுவருகிறேன்.

படியில் பார்த்து நட.

அம்மா


சூரியநெல்லி
5 ஜூலை 2025

ராமாத்தாள் டிரேடிங் உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் 20-ஆம் தேதிக் கடிதம் ஜூலை 1 அன்று கிடைத்தது. 22-ஆம் தேதியிலிருந்து பெய்த மழையில் ரோட்டில் மண் சரிந்து தபால் வண்டி ஏறவில்லை. நீங்களும் பெரியம்மாளும் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

குறையைக் கீழே எழுத்தில் தெரிவிக்கிறேன்.

சரக்கு, ஒன்பது மணி நேர மெழுகுவர்த்தி. மே மாதப் பெட்டி, கீழடுக்கு. எரிந்த நேரம் இருபது நிமிடத்துக்குள்.

22-ஆம் தேதி கரண்ட் போனது. ஏப்ரல் பெட்டி முன்பே தீர்ந்திருந்தது. மே மாதப் பெட்டியின் மேலடுக்கு வர்த்திகள் இரண்டு நாள் நன்றாக எரிந்தன. 24-ஆம் தேதி சாயங்காலம் அந்த அடுக்கு தீர்ந்தது. ஆறாம் நம்பர் கூடாரத்தில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருந்தது. காற்றில் கூடாரம் பறந்துவிடாமல் ஜோமோன் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மௌனி, ஒரு லாந்தரு குடுத்துவிடு" என்று கத்தினார். வீட்டில் செபமாலையம்மாளும் நானும்தான். அவருக்குக் காய்ச்சல். டார்ச்சும் ஃபோனும் முதல்நாளே செத்துவிட்டன. கீழடுக்கில் ஒன்றை எடுத்து லாந்தரில் போட்டேன். தொட்டபோதே பிசுபிசுத்தது. அவசரத்தில் அது என் கைவியர்வை என்று நினைத்தேன்.

காற்று கொஞ்சம் அடங்கட்டும் என்று முதலில் வீட்டு வாசலில் மாட்டினேன், கால் மணி நேரம்போல எரிந்தது. பிறகுதான் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சூட்டில் வர்த்தி முழுக்க இளகி, வர்த்தியை மேலே ஏற்றும் ஸ்பிரிங் அடியிலிருந்து தள்ளி, மெழுகு மேலே பொங்கித் திரியை மூழ்கடித்துவிட்டது. படியில் நடுவே நின்றபோது அணைந்தது. கயிறு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. விழுந்தேன்.

ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியில் யூகலிப்டஸ் மரம் விழுந்து கிடந்தது.

பெண். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே உயிரோடு இருந்தாள். தொப்பி போட்டிருந்ததால் முடி பார்க்கவில்லை. செபமாலையம்மாள் காய்ச்சலோடு நடந்துபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

"சரக்கு மாறிப்போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி. பெட்டியைக் கட்டியது யார்? பெரியம்மாளா, வேறு ஆளா, நீங்களா?

பதிலை எழுத்தில் தெரிவிக்கவும்.

மௌனிகா


பெருமாட்டி
12 ஜூலை 2025

மௌனி,

நான்.

பெரியம்மாள் மேல் போடலாம் என்று அரை நாள் யோசித்தேன். அவள் பழியை மறுக்க மாட்டாள், ஒப்புக்கொள்வாள்கூட. ஆனால் நீ எழுத்தில் கேட்டிருக்கிறாய். எழுத்தில் கேட்டவருக்கு நான் பொய் சொன்னதில்லை. கேட்காதவர்களிடம்தான் என் வியாபாரம் எல்லாம்.

முழுவதையும் சொல்கிறேன். முதல் பெட்டியையும் நான்தான் கட்டினேன். கையிருப்பு அதிகம் என்று எழுதியது பொய். நாற்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வைத்தேன். நீ அதைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிச் சொன்னதும் என் துணி அவிழ்ந்தது போல் ஆகிவிட்டது. அதனால் இரண்டாம் பெட்டியைக் கட்டினேன்.

மற்றக் கடைகளுக்குப் போகும் கீழடுக்கு இரண்டாம் தரம்தான், ஆனால் ஆறு மணி நேரமாவது எரியும். உனக்குப் போட்டது அதுகூட இல்லை. தரையில் வழிந்ததைச் சுரண்டி, கழிவு எண்ணெயோடு உருக்கி, எறிவதற்கு ஒதுக்கி வைத்தது. அதைப் பொறுக்கிப் போட்டேன். நீ கவிழ்த்துத் திறப்பாய், பார்ப்பாய், ஒரு மணி நேரமாவது அழுவாய் என்று போட்டேன். எரிப்பாய் என்று போடவில்லை. நீ கீழிருந்து திறப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வளர்ப்பு அது.

உன் மே மாதக் கடிதம் 22-ஆம் தேதி வந்தது. நீ கவிழ்க்கவில்லை என்று அன்றே எனக்குத் தெரியும். இருபத்தொன்பது நாள் அதை மடித்து வைத்திருந்தேன். ஃபோனில் உன் நம்பரைத் திறந்தும் வைத்தேன். பேசினால் ஏன் என்று கேட்பாய், சொல்ல வேண்டிவரும். கடிதம் என்றால் "சரக்கு மாறிப்போய்விட்டது" என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். அதற்காகக் கடிதம் எழுதினேன். ஃபோன் பண்ணியிருந்தால் 20-ஆம் தேதியே உனக்குத் தெரிந்திருக்கும். கரண்ட் இருந்த நாள் அது.

மன்னிப்பு கேட்கவில்லை. நான் உன் இடத்தில் இருந்தால் கொடுக்க மாட்டேன்.

24-ஆம் தேதி வியாழக்கிழமை வருகிறேன். ரோடு திறந்துவிட்டதாம். அடித்தாலும் சரி, வாசலில் நிற்க வைத்தாலும் சரி. உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் கண்ணு. புதைத்த இடத்தையும்.

அம்மா


சூரியநெல்லி
17 ஜூலை 2025

அம்மா,

வியாழக்கிழமை வராதீர்கள்.

உங்கள் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். கடிதம் வந்ததைப் பார்த்து ஜோமோன், "என்ன எழுதிருக்காக? யாரு கட்டுனதாம்?" என்றார். கூலிக்கு வந்த புது ஆள் கழிவுப் பெட்டியை மாற்றிக் கட்டிவிட்டான், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது, தெரிந்ததும் எழுதிய கடிதம்தான் மழையில் மாட்டிக்கொண்டது என்றேன். கோர்வையாகச் சொல்ல வந்தது. நானும் உங்கள் வளர்ப்புதானே.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாவம் மௌனி, இத எப்பிடித் தாங்குறாகளோ. நம்மளுக்காவது நாம ரெண்டு பேரு இருக்கோம், அவக அங்கன தனியா. வரச் சொல்லு, இங்கன கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார். செபமாலையம்மாள் உங்களுக்காக ஜெபம் செய்கிறார். கட்டில் ஒன்றை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் வந்தால் அவர் உங்கள் காலைத் தொடுவார். செபமாலையம்மாள் உங்களைக் கட்டிக்கொண்டு, "பேத்தியப் பறிகுடுத்துட்டமே சம்பந்தி" என்று அழுவார். நீங்கள் நிற்பீர்கள். உங்களால் முடியும், சந்தையில் நின்றவர். பக்கத்தில் நின்று அதைப் பார்க்க என்னால் முடியாது. வாயைத் திறந்துவிடுவேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் உங்களை நல்லவள் என்று நினைக்க யாரும் இருக்க மாட்டார்கள். உலகத்திலேயே இப்போது இரண்டு பேர்தான் அப்படி நினைக்கிறார்கள். எனக்கு அவர்கள் வேண்டும். உங்களுக்கும் வேண்டும்.

இடம் கேட்டீர்கள். சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு முழங்கால் வீங்கி, பஸ் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக இன்று காலை ஜோமோனிடம் சொன்னேன். நம்பிவிட்டார். தைலம் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

அடுத்த வருஷம் கேட்டால் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். அதற்கடுத்த வருஷமும்.

மௌனிகா